ஆளில்லாத தொகுதியும் ஏலம்போன கற்களும்

நான் பிறந்து வளர்ந்த நுங்கம்பாக்கம் 1708ஆம் ஆண்டு வரை ஆங்கிலேயரின் மதராசைச் சேர்ந்ததாக இருக்கவில்லை. அந்த ஆண்டில்தான் நவாப் தாவூத் கானிடமிருந்து திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அப்போது புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் தாமஸ் பிட். எங்கள் பகுதியின் வரலாற்றைப் பற்றி எங்கே படித்தாலும் தவறாமல் எதிர்ப்படும் பெயர் அது. வேலையின் பொருட்டு இங்கிலாந்துக்கு வந்து ரெடிங் நகரில் குடியேறி ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதே மனிதர் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் உள்ள ஓல்டு சேரம் என்னும் மண்மேட்டின் உரிமையாளராகவும், யாருமே குடியிருக்காத அந்த மேட்டின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார் என்று அறிந்தேன். அறிந்த நாளிலிருந்தே அந்த மேட்டில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் என்னை விடவில்லை.

ஓல்டு சேரத்துக்கு வடக்கே சிறிது தூரத்தில், தொல்கால மக்கள் பெருங்கற்களை வட்டமாக நட்ட ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கிறது. அதற்கும் வடக்கே இன்னொரு கல்வட்டமான ஏவ்பரி. மூன்றும் வில்ட்ஷயர் மாவட்டத்துக்குள் அடங்குவதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்கிட்டேன். முன்பு ஒருமுறை அலுவலக நண்பர்கள் நால்வருடன் ஸ்டோன்ஹெஞ்ச் சென்றிருக்கிறேன். கற்களை ஒரு சுற்றுச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. புல் மூடிய மேட்டின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க விரும்புகிறவன் தனியாகப் போவதே முறை. ஆகவே மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஒரு டப்பா புளியோதரையும் ஃபிளாஸ்கில் தேநீரும் எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினேன்.

பேசிங்ஸ்டோக் வரை ஏ33, பிறகு சிறிது தூரம் எம்3 விரைவுச்சாலை, அங்கிருந்து மேற்கே பிரியும் ஏ303 என்று வழி எளிமையானது. ஏம்ஸ்பரியில் தெற்கே திரும்பி ஏ345 சாலையில் பத்து நிமிடம் ஓட்டினால், வலப்புறம் வயல்களுக்கு மேலே பெரிய மண்கரை ஒன்று எழுந்து நிற்கிறது. ஒன்பது மணிக்கே சென்றுவிட்டேன். உள்கோட்டைக்கு மட்டுமே நுழைவுச்சீட்டு வேண்டும். அது பத்து மணிக்குத்தான் திறக்கும். வெளிக்கரையில் யாரும் எந்நேரமும் நடக்கலாம் என்பதால் அந்த ஒரு மணி நேரமும் கரையைச் சுற்றி நடந்தேன். என்னைத் தவிர, நாயுடன் நடந்த ஒரு பெரியவர் மட்டுமே அங்கே இருந்தார்.

இந்த மேட்டை முதலில் அரண் செய்தவர்கள் இரும்புக்கால மக்கள், கி.மு. 400 அளவில் அவர்கள் எழுப்பிய கரைதான் இன்றும் வெளிச்சுற்றாக நிற்கிறது. வெற்றிவேந்தன் வில்லியம் 1070 வாக்கில் இதன் நடுவே ஒரு கோட்டையைக் கட்டினான். 1086இல் நாட்டின் பெரிய நிலக்கிழார்கள் எல்லோரையும் இங்கே வரவழைத்துத் தனக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் வாங்கினான். கோட்டைக்கு அருகிலேயே ஒரு பேராலயம் 1092இல் கட்டிமுடிக்கப்பட்டது. அது திருநிலைப்படுத்தப்பட்ட ஐந்தாம் நாளே புயலில் அதன் கோபுரம் சேதமுற்றது. மேட்டில் எந்நேரமும் ஓயாத காற்று, போதாத தண்ணீர், கோட்டைப் படையினரோடு தீராத பூசல் என்று குருமார்கள் அலுத்துப்போய், 1220இல் கீழே ஆற்றங்கரையில் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதுவே இன்றைய சால்ஸ்பரி. 123 மீட்டர் உயரமுள்ள அதன் கூர்ங்கோபுரம், பிரிட்டனிலேயே உயரமானது, மேட்டிலிருந்து ஊசிபோல் தெரிகிறது. பழைய ஆலயத்தின் கற்களைப் பெயர்த்துக் கீழே கொண்டுபோனார்கள். மக்களும் பின்னாலேயே போனார்கள். சிலுவை வடிவில் புல்லோடு புல்லாகக் கிடக்கும் அடித்தளக் கோடுகள் மட்டும் இங்கே மிஞ்சியிருக்கின்றன.

மக்கள் போனாலும் மேட்டுக்கு உரிய ஓர் உரிமை போகவில்லை என்பதுதான் நான் தேடி வந்த செய்தி. 1295இலேயே ஓல்டு சேரத்துக்கு நாடாளுமன்றத்துக்கு இருவரை அனுப்பும் உரிமை கிடைத்திருந்தது. ஊர் அழிந்த பிறகும் வாக்குரிமை குறிப்பிட்ட சில மனைகளோடு ஒட்டிக்கொண்டே நீடித்ததால், மனைகளை வாங்கியவர் வாக்குகளையும் சேர்த்து வாங்கியவரானார். அவர் காட்டும் ஆளே உறுப்பினர். மான்செஸ்டரும் பர்மிங்காமும் தமக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் பெருநகரங்களாக வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், இந்த வெற்றுப் புல்வெளிக்கு இருவர் இருந்தார்கள். 1831இல் இங்கே பதினொரு வாக்காளர்கள் இருந்ததாகக் கணக்கு; அவர்களில் ஒருவர்கூட இங்கே வசிக்கவில்லை. ‘அழுகிய தொகுதி’ என்று ஆங்கிலேயரே பெயர் வைத்துத் திட்டிய இந்த ஏற்பாடு 1832இன் சீர்திருத்தச் சட்டத்தால்தான் முடிவுக்கு வந்தது.

தாமஸ் பிட் தொடக்கத்தில் கம்பெனியின் ஆள் அல்லர். கம்பெனியின் அனுமதியின்றித் தனியாக இந்திய வாணிபம் செய்து, அதற்காக அதனோடு பல ஆண்டுகள் மோதியவர். அந்த வாணிபத்தில் சேர்த்த செல்வத்தைக் கொண்டுதான், மதராசுக்கு ஆளுநராக வருவதற்கு முன்பே, ஓல்டு சேரத்தை சால்ஸ்பரி பிரபுவிடமிருந்து வாங்கினார். எதிர்த்து வெல்ல முடியாதவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதே நல்லது என்று கருதிய கம்பெனி 1698இல் அவரை ஆளுநராக்கியது. பதினோராண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். மதராசில் இருந்தபோது ஜாம்சந்த் என்னும் வணிகரிடம், கிருஷ்ணைக் கரையின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் எடையுள்ள பட்டை தீட்டாத வைரத்தை 48,000 வராகனுக்கு வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டப்பட்டு ஏறத்தாழ 140 காரட்டாகக் குறைந்த அந்தக் கல்லை, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியான் கோமகன் 1,35,000 பவுனுக்கு வாங்கினார். இன்று அது பாரிசில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்பிய பிட் மறுபடியும் ஓல்டு சேரத்தின் உறுப்பினராக அமர்ந்தார். 1735இல் அவருடைய பேரன் வில்லியம் பிட் தம் முதல் நாடாளுமன்ற இடத்தைப் பெற்றதும் இதே மேட்டின் பெயரால்தான். பின்னாளில் அவர் பிரதமரானார். அவரைப் போலவே பிரதமரான தாமஸ் பிட்டின் கொள்ளுப்பேரன்தான் 1784இல் இந்தியச் சட்டத்தைக் கொண்டுவந்து கம்பெனியை அரசின் கண்காணிப்பின்கீழ் வைத்தவர்.

பத்து மணிக்கு மரப்பாலம் வழியே உள்கோட்டைக்குள் சென்றேன். இடிந்த சுவர்களின் நடுவே சக்கிமுக்கிக் கல் ஜல்லியும் சுண்ணாம்பும் வெளியே தெரிய நிற்கும் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, சென்னைக்கு அப்பாவை அழைத்தேன். அங்கே அப்போது பிற்பகல் இரண்டரை மணி. அப்பா பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

“எங்கேடா இருக்கே? காத்து இப்படி இரையுது?”

சொன்னேன். பிட்டின் பெயரைச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஆளில்லாத தொகுதியைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டுத் தெளிந்தார்.

“அப்போ, பட்டா யார் பேர்ல இருக்கோ அவன் கையிலதான் எம்.பி. அப்படித்தானே?”

“அப்படித்தாம்ப்பா.”

“சரி, யார்கிட்டேர்ந்து வாங்கினான், அவனுக்கு எப்படி வந்துதுன்னு பாரு. தாய்ப்பத்திரம் பாக்காம எந்த இடத்தையும் புரிஞ்சிக்க முடியாது.”

வீடு வாங்கப் போகும் உறவினர்கள் எல்லோரிடமும் அவர் சொல்லும் சொல் அது. அன்று பகல் முழுவதும் அதே கேள்வியோடுதான் சுற்றினேன்.

ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பன்னிரண்டரை மணிக்கு முன்பதிவு செய்திருந்தேன். ஏம்ஸ்பரிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏ303 ஏறினால், அதுவரை இருவழியாக அகன்று வந்த சாலை அங்கே ஒற்றைத் தடமாக ஒடுங்குகிறது. விடுமுறைக் கூட்டம் முழுவதும் மேற்கே கடற்கரைக்குப் போகும் வழியும் அதுவே என்பதால் கார்கள் ஊர்ந்தன. கற்களிலிருந்து வெறும் 165 மீட்டர் தொலைவில் செல்லும் இந்தச் சாலையை நிலத்துக்கடியில் சுரங்கமாகக் கொண்டுபோக வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்; 2024 ஜூலையில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டது. சாலை இருப்பது கற்களுக்குக் கேடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் ஊர்ந்து செல்லும் காரின் கண்ணாடி வழியே, சீட்டு வாங்காத ஒரு லாரி ஓட்டுநரும் பின்னிருக்கைக் குழந்தையும் அந்தக் கற்களை வானத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவதை அன்று கண்டபோது, இந்தக் காட்சியை மறைத்துவிட வேண்டும் என்று என்னால் முழுமனத்தோடு சொல்ல முடியவில்லை.

அப்பாவின் கேள்விக்கு இங்கே நேரான விடை உண்டு. ஸ்டோன்ஹெஞ்ச் 1915 வரை ஆன்ட்ரோபஸ் குடும்பத்தின் தனிச்சொத்து. குடும்பத்தின் ஒரே வாரிசு முதல் உலகப் போரின் தொடக்க மாதங்களிலேயே பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். சில மாதங்களில் தந்தையும் காலமாக, எஸ்டேட் முழுவதும் ஏலத்துக்கு வந்தது. 1915 செப்டம்பர் 21 அன்று சால்ஸ்பரியில் ஒரு நாடகக் கொட்டகையில் நடந்த ஏலத்தில், பதினைந்தாவது சொத்தாக, ‘முப்பது ஏக்கர் நிலத்துடன் ஸ்டோன்ஹெஞ்ச்’ கூறப்பட்டது. 6,600 பவுனுக்கு எடுத்தவர் செசில் சப் என்னும் உள்ளூர்ப் பாரிஸ்டர். மூன்றே ஆண்டுகளில், 1918இல், அதை அவர் நாட்டுக்குக் கொடையாகக் கொடுத்துவிட்டார். பொதுமக்களிடம் ஒரு ஷில்லிங்குக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தார். அந்த ஷில்லிங் காலத்தோடு போய்விட்டது. ஆனால் சுற்றுவட்டார மக்கள் இன்றும் கட்டணமின்றி உள்ளே செல்கிறார்கள்.

கற்களைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. 1970களின் பிற்பகுதியிலிருந்து யாரும் இஷ்டம்போல் இடையில் நடக்க முடியாது. சென்ற முறை அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இந்த முறை ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றதால், கயிற்றுக்கு இப்பாலிருந்தே தெரியும் ஒன்றைக் கண்டேன். நிற்கும் கற்களிலேயே உயரமான ஒன்றின் உச்சியில் ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கிறது. அது மேலே இருந்த விட்டக்கல்லின் துளைக்குள் பொருந்துவதற்காகச் செதுக்கிய முளை. விட்டக்கல் எப்போதோ விழுந்துவிட, 4,500 ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய முளை மட்டும் வானத்தை நோக்கி நிற்கிறது. ஒரு விட்டக்கல் அடுத்ததோடு சேரும் இடத்தில் நாக்கும் காடியுமாகப் பொருத்தியிருக்கிறார்கள். இவை எல்லாம் மரத்தச்சரின் வேலைமுறைகள். கல்லுக்கு இந்தப் பொருத்தங்கள் பெரிதும் தேவையில்லை. எடையே அதைப் பிடித்து வைத்துவிடும். இருந்தும், சராசரியாக இருபத்தைந்து டன் எடையுள்ள கடினமான மணற்கல்லை, உலோகக் கருவி இன்றி, கல்லாலேயே இடித்து இடித்து அந்த முளையை உருவாக்கியிருக்கிறார்கள். மரத்தில் தாங்கள் அறிந்த ஒழுங்கைக் கல்லில் செய்யும்போதும் விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

கற்கள் வந்த தொலைவுகள் அண்மைக் காலத்தில்தான் துலங்கியிருக்கின்றன. பெரிய கற்களில் பெரும்பாலானவை வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வெஸ்ட் உட்ஸ் காட்டிலிருந்து வந்தவை என்று 2020இல் வேதியியல் ஆய்வு காட்டியது. ‘நீலக் கற்கள்’ எனப்படும் சிறியவை வேல்சின் பிரெசெலி குன்றுகளிலிருந்து வந்தவை என்பது நூறாண்டுகளாகவே தெரியும். ஆனால் நடுவில் விழுந்து கிடக்கும் ஆறு டன் ‘பலிபீடக் கல்’ ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து, குறைந்தது 750 கிலோமீட்டர் கடந்து வந்தது என்று 2024 ஆகஸ்டில் வெளியான ஆய்வு சொன்னபோது, துறையினரே திகைத்துப்போனார்கள். சக்கரம் அறியாத மக்கள் அவ்வளவு தொலைவிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தார்கள் என்றால், இரு முனைகளிலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும் அல்லவா! நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கல் தெளிவாகத் தெரியவில்லை. விழுந்த இரு பெருங்கற்களின் அடியில் பாதி புதைந்து கிடக்கிறது.

ஏவ்பரிக்கு ஏ360 வழியாக வடக்கே போனேன். முதலில் எதிர்ப்படும் ஷ்ரூட்டன், செசில் சப் பிறந்த ஊர். சேணம் தைப்பவரின் மகன். அவ்வூரைத் தாண்டியதும் சால்ஸ்பரிச் சமவெளியின் ராணுவப் பயிற்சி நிலம் இருபுறமும் விரிகிறது. டாங்கிகள் சாலையைக் கடக்கும் என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சமவெளிக்குள்தான் இம்பர் என்னும் கிராமம் இருந்தது. நிலத்தையும் வீடுகளையும் ராணுவம் முன்பே விலைகொடுத்து வாங்கியிருந்ததால், 1943 நவம்பரில் குடியிருந்தோருக்கு 47 நாள் அவகாசம் மட்டும் கொடுத்து வெளியேற்றினார்கள்; அமெரிக்கப் படையினர் தெருச்சண்டை பழக வேண்டியிருந்தது. போர் முடிந்தும் யாரையும் திரும்ப விடவில்லை. ஆண்டில் சில நாட்களே வழி திறக்கிறார்கள், அன்று மூடியிருந்தது. சாலையோரமாகக் காரை நிறுத்தி, புளியோதரையை அங்கேதான் சாப்பிட்டேன். தொலைவில் எங்கோ பீரங்கி முழங்கியது. வயலில் வானம்பாடிகள் அதைப் பொருட்படுத்தாமல் பாடிக்கொண்டிருந்தன.

ஏவ்பரியில் கயிறும் இல்லை, சீட்டும் இல்லை. உலகின் மிகப் பெரிய கல்வட்டம் அது. குறுக்களவு ஏறத்தாழ 330 மீட்டர். சுற்றியுள்ள அகழி முதலில் ஒன்பது மீட்டர் ஆழம் இருந்தது. மான் கொம்புகளால் சுண்ணாம்புப் பாறையைக் குத்திக் குத்தித் தோண்டியது. வட்டத்துக்குள்ளேயே பாதிக் கிராமம் இருக்கிறது. ஒரு கல்லின் நிழலில் ஆடு படுத்திருக்க, அடுத்த கல்லுக்குப் பின்னால் ஒரு வீட்டின் துணி காய்ந்தது. பிற்பகல் வெயிலில் சூடேறியிருந்த ஒரு கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஸ்டோன்ஹெஞ்சில் எட்டாத ஒன்று இங்கே எளிதாகக் கிடைத்தது.

ஆனால் இந்த ஊரும் கற்களும் எப்போதும் இப்படி ஒத்துப்போகவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வீடு கட்டவும் வயலைச் சீராக்கவும், கற்களைச் சுற்றி நெருப்பு மூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றி உடைத்தார்கள். அதைக் கண்முன் பார்த்து வேதனையோடு ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தவர் வில்லியம் ஸ்டூக்லி என்னும் தொல்பொருள் ஆய்வாளர். 1720களில் அவர் வரைந்த படங்கள் இல்லாவிட்டால் எது எங்கே நின்றது என்றே தெரிந்திருக்காது. 1930களில் ஆரஞ்சு மார்மலேடு விற்றுச் செல்வம் சேர்த்த குடும்பத்தின் வாரிசான அலெக்சாண்டர் கைலர், இந்த நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கினார். புதைந்திருந்த கற்களை மீண்டும் நிமிர்த்தினார். இல்லாமற் போனவற்றின் இடத்தில் சிறு சிமென்ட் தூண்களை நட்டார். 1938இல் ஒரு கல்லின் அடியில் ஒரு மனிதனின் எலும்புகளும் கத்தரிக்கோலும் 14ஆம் நூற்றாண்டு நாணயங்களும் கிடைத்தன. கற்களைப் புதைத்த காலத்தில் இறந்த ஒரு நாவித மருத்துவர் என்று அவரை இன்றும் குறிப்பிடுகிறார்கள். அதே கைலர், வட்டத்துக்குள் இருந்த பல வீடுகளை வாங்கி இடித்தார். அங்கிருந்தவர்கள் அருகில் இன்னோர் இடத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 1943இல் தம் நிலம் முழுவதையும் வெறும் விளைநிலத்தின் விலைக்கு, 12,000 பவுனுக்கு, தேசிய அறக்கட்டளையிடம் கொடுத்தார். கற்களை அவர் மீட்டதற்கு நன்றி சொல்லவே தோன்றுகிறது. ஆயினும் வெற்றுப் புல்லாக இருக்கும் வீட்டு மனைகளின்மேல் நடக்கும்போது, அங்கே அடுப்பெரித்தவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிமென்ட் தூண் கற்களுக்கு இருக்கிறது, வீடுகளுக்கு இல்லை.

ஏழு மணிக்கு மேல் ஏ4 சாலைக்கு வந்து, சில்பரி குன்றைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். ஐரோப்பாவில் தொல்காலத்து மனிதர் எழுப்பிய மண்குன்றுகளிலேயே பெரியது சில்பரி. 1776, 1849, 1968 என்று மூன்று முறை துளைத்துப் பார்த்தும் உள்ளே எந்தக் கல்லறையும் கிடைக்கவில்லை. எதிர்ப்புறம் சிற்றோடையைக் கடந்து, கோதுமை வயலின் நடுவே ஏறும் ஒற்றையடிப் பாதை வெஸ்ட் கென்னட் நெடுங்கல்லறைக்குக் கொண்டுபோகிறது. நூறு மீட்டர் நீளமுள்ள அந்த மேடு கி.மு. 3650 அளவில் கட்டப்பட்டது. ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களுக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. வாயிலில் நிற்கும் பெருங்கல்லைச் சுற்றிக் குனிந்து உள்ளே போனால் இருபுறமும் இரண்டிரண்டு அறைகள், கடைசியில் ஒன்று. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குறைந்தது முப்பத்தாறு பேரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலத்துக்குள், இங்கே கிடத்தியிருந்தார்கள். செல்பேசியின் விளக்கில் பார்த்தபோது கடைசி அறையின் ஒரு கல்லிடுக்கில் யாரோ அன்று செருகிவிட்டுப் போன காட்டுப்பூக்கள் வாடாமல் இருந்தன.

விளக்கை அணைத்துச் சிறிது நேரம் உள்ளேயே நின்றேன். வெளியே வந்து, மேட்டின்மேல் அமர்ந்து மிச்சத் தேநீரைக் குடித்தபடி, ஓல்டு சேரத்தை பிட் சால்ஸ்பரி பிரபுவிடம் வாங்கியது முதல் ஏவ்பரியைக் கைலர் கைமாற்றியது வரை, ஆண்டும் விலையும் குறித்து அப்பாவுக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பினேன். கல்லறையின் படத்தையும் சேர்த்தேன். சென்னையில் நள்ளிரவு கடந்திருந்தது. செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. சூரியன் சில்பரிக்குப் பின்னால் இறங்கத் தொடங்க, வயலைக் கடந்து வந்து காரை எடுத்து, மார்ல்பரோ வழியாக ரெடிங் செல்லும் பழைய பாத் நெடுஞ்சாலையில் கிழக்கே திருப்பினேன்.